பீரங்கி மேடையில் வைத்த சோறு

என் செல்லத் தம்பி,

இந்த வருசத்து உன் ஆட்டைத் திவசத்தைச் செய்தேன் என்று சொல்வதா, குழப்பினேன் என்று சொல்வதா? நீயே சொல்லு.

ஆக்லாந்தில் காகமே இல்லையடா. படைத்த சோற்றை யாருக்கு வைப்பது? உன் அத்தான் காரை எடுத்தார். மவுண்ட் ரோஸ்கில்லில் எங்கள் வீட்டில் இருந்து ஒன்றரை மணிநேரம் ஓடி, மாட்டுப் பண்ணைகள் முடிகிற ஒரு கடற்கரைக்குப் போனோம். ஜப்பான்காரன் வருவான் என்று அந்த நாள் யுத்தத்தில் கட்டிய பீரங்கி மேடை ஒன்று அங்கே நிற்கிறது. அவன் வரவேயில்லை. ஒரு ஷெல்கூட விழாத கரை. எனக்குப் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்?

ஊரில் மதிலில் வைப்போமே, அந்த நினைப்பில் சோற்றையும் உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியையும் அந்தக் கொங்கிறீட்டின்மேல் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். "மம், ஸ்டொப் இற்!" என்றாள் மகள், வெட்கத்தில்.

வந்தவை கடற்பறவைகள், பெரிய கூட்டம். சோறு ஒரு நிமிடத்தில் முடிந்தது. பிறகு கீழே மணலில் இறங்கின. அரசாங்கம் பாதுகாக்கிற ஒரு சின்னப் பறவை, கயிறு கட்டிய இடத்தில் முட்டையிட்டிருந்தது. பறவைகளுக்குச் சாப்பாடு போடக்கூடாது என்ற அறிவித்தல் பலகையை நான் வாசிக்கவேயில்லை. தாய்ப்பறவை கத்திக்கத்தி விரட்டிப் பார்த்தது. மூன்று முட்டையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்தாள். இங்கே சாப்பாடு போட்டீர்களா என்று கேட்டாள். அவளுடைய காக்கிச் சட்டையைக் கண்டதும் என் வாய் அடைத்துவிட்டது. அத்தான்தான் "நோ" என்றார்.

காருக்குள் ஏறியதும், "விசா வரும்வரைக்கும் வாயைத் திறக்காதையும். மூண்டு முட்டைக்காக நாங்கள் திரும்பிப் போறதே?" என்றார்.

"ஓம்" என்று தலையாட்டினேன்.

அன்று தொடக்கம் மனம் ஒரு நிலையில் இல்லை. உன்மேல் விழுந்த ஷெல்லை அடித்தது யார் என்று அப்பா எத்தனை வாசல் ஏறிக் கேட்டார்! ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்களுக்கும் பெண்சாதி, பிள்ளை, வேலை, பயம் எல்லாம் இருந்திருக்கும். பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றிருப்பார்கள். நானும் அப்படித்தான் தின்றேன். "முட்டையும் நானும் ஒன்றா?" என்று நீ கோபிக்காதே. ஒன்றில்லை, எனக்குத் தெரியும். ஆனால் நான் செய்தது அவர்கள் செய்ததைத்தான்.

வருகிற சனிக்கிழமை பஸ்ஸிலோ யாருடைய காரிலோ திரும்ப அங்கே போகிறேன். இதைச் சொன்னதில் இருந்து அத்தான் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. விசா என்ன ஆகுமோ, பயமாகத்தான் இருக்கிறது. என்றாலும் அந்தப் பெண்ணின் முன்னால் நின்று, சோறு வைத்தது நான்தான் என்று சொல்வேன். அதைச் சொல்லாமல் இனி உன் பெயரில் ஒரு பிடி சோறும் வைக்க மாட்டேன். இது சத்தியம்.

உன்னைக் கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன,
உன் பெரியக்கா