அம்மாவுக்கு அடுத்த பெயர்

1998 கார்த்திகை (நவம்பர்) 1, ஞாயிறு. புதுக்குடியிருப்பு.

விடியலிலிருந்து மழை. கிடுகுக் கூரை மூன்று இடங்களில் ஒழுக்கு. நான்காவது, ஐயாவின் கட்டிலுக்கு நேர் மேலே. கட்டிலை நகர்த்தியாயிற்று. செய்ய வேண்டியவை: தறப்பாள் துண்டு. விளக்குக்குத் திரி. ஐயாவுக்குச் சவரம் (பிளேட் ஒன்றுதான் மிச்சம்).

மாலைச் செபம் ஐயாவின் தலைமையில். எண்பத்து நான்கு வயதிலும் செபமாலையில் ஒரு மணி தவறுவதில்லை. தவறியது அதற்குப் பிறகு. செபமாலை முடிந்ததும் மரித்தோரின் பெயர்களைச் சொல்லி, பெயருக்கு மாதாவை நோக்கி ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்வது எங்கள் வீட்டு வழக்கம். பெயரையும் மந்திரத்தின் முதற் பாதியையும் ஐயா சொல்வார். இரண்டாம் பாதி மற்றவர்களுடையது. பதினொரு பெயர்கள். கடைசிப் பெயர் அம்மாவுடையது. இன்று அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

"இவள்... என்ர... பிள்ளையளின்ர தாய்..."

என் மனைவி ஜெசிந்தா மெதுவாக: "அன்னம்மா மாமி."

"ஓம். அவள்தான்."

நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளின் பெயர்.

முடிந்ததும் ஜெசிந்தா கைகூப்பி, "தோத்திரம் மாமா." அவளுடைய நெற்றியில் ஐயா சிலுவை வரைந்தார். அடுத்து என் முறை. செபமாலையை ஆணியில் கொழுவிவிட்டு வெளியே வந்தேன். ஐந்து வருடமாக இப்படித்தான். அவருடைய கை உயர்ந்தபடி கொஞ்ச நேரம் நிற்கும். பிறகு இறங்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை; ஆனால் எவ்வளவு நேரம் நிற்கும் என்பது தெரியும்.

கார்த்திகை 2, திங்கள்.

மரித்தோர் நாள். எங்கள் கல்லறைகள் விட்டுவந்த ஊரில், ஆமிக்காரரின் முட்கம்பிக்கு உள்ளே. மூன்றாவது வருடமாக அங்கே ஒரு மெழுகுதிரி இல்லை.

பூசையில் சுவாமியாரின் அறிவித்தல்: குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களைத் தாளில் எழுதி, வரும் ஞாயிறுக்குள் பீடத்தடிப் பெட்டியில் போடவும். மாதம் முழுவதும் பூசையில் அவர்களுக்காக மன்றாட்டு.

வீடு வந்ததும் ஐயா: "அருளு, பேரெல்லாத்தையும் பெரிய எழுத்தில எழுது. ஒண்டு கோயிலுக்கு, ஒண்டு எனக்கு. இனி இந்த மண்டையை நம்பேலாது."

எழுதுகிறேன் என்றேன்.

மறந்துவிடாமல் இதையும் குறிக்க வேண்டும். கோயில் வாசலில் ஒரு பெண், ஜெசிந்தாவிடம்: "உங்கட மனுசன் தேப்பனைப் பாக்கிற மாதிரி ஆர் பாக்கினம்! தாய்தேப்பனை மதிக்கச் சொல்லுற நாலாம் கற்பனையைப் பாடமாக்கினாக் காணாது, இப்பிடியெல்லோ நடக்கவேணும்."

ஜெசிந்தா சிரித்துச் சமாளித்தாள். வழியில்: "நீங்கள் மாமாவோட கதைக்கிற கதை அரசாங்கக் கச்சேரிக் கடிதம் மாதிரி. கீழ இங்ஙனம் எண்டு போட்டுக் கையெழுத்து வைக்காததுதான் குறை."

உண்மை. குளிக்க வார்க்கிறேன், சவரம் செய்கிறேன், மருந்து கொடுக்கிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. கோப்பில் குறை காண முடியாது.

கார்த்திகை 3, செவ்வாய்.

கந்தோர் வேலை. நிவாரண அட்டைகள். பகல் முழுவதும் பெயர் சேர்ப்பதும் வெட்டுவதும். தாய் இறந்துவிட்டார் என்று பதிய வந்த ஒருவர், நான் பேனையை எடுத்ததும் மேசையில் கையை வைத்தார்: "ஐயா, அரிசியை வெட்டுங்கோ. பேரை வெட்டாதேங்கோ." அப்படி ஒரு விதி இல்லை என்றேன். வெட்டினேன்.

மூன்று மணிக்குக் கௌரி. திரேசாவின் மகள், என் மருமகள். முத்தையன்கட்டிலிருந்து சைக்கிளில், நனைந்தபடி. மாதம் ஒருமுறை கந்தோருக்கு வருவாள், வீட்டுக்கு வந்ததில்லை. ஒரு பையில் வெள்ளரிக்காய்.

"மாமா, உங்கட கோயிலில செத்த ஆக்களின்ர பேர் எழுதிக் குடுக்கினமாம்."

"ஓம்."

"அம்மான்ர பேரும் இருக்குந்தானே? ஞாயிற்றுக்கிழமை நான் வந்து பாக்கலாமோ? உள்ள விடுவினமோ, திருநீறு பூசினாக்களை?"

"விடுவினம். வா."

முதற் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பதை அவள் கவனிக்கவில்லை.

கார்த்திகை 4, புதன்.

பழைய கலண்டர் தாளின் பின்பக்கம். எழுத்துகள் ஓர் அங்குல உயரம். சந்தியாப்பிள்ளை. மதலேனாள். வரிசையாக வந்து எட்டாவது: பெர்னாந்து. நீர்கொழும்பிலிருந்து ஒரு பருவத்துக்கு எங்கள் மீன்வாடியில் தொழிலுக்கு வந்த சிங்களவர். சித்தப்பாவோடு ஒரே வள்ளத்தில் போனவர்; இருவரும் திரும்பவில்லை. அவருடைய முதற்பெயர்கூட எவருக்கும் தெரியாது. நாற்பது வருடமாக ஐயா அவருக்கும் ஒரு மந்திரம் சொல்கிறார். சொல்ல வேண்டியதுதான்.

தங்கை திரேசாவுக்கு இல்லை.

1974இல் முத்தையன்கட்டுக் குடியேற்றத்திட்டத்தில் வயல் செய்த யாழ்ப்பாணத்துச் சைவர் ஒருவரைப் பதிவுத் திருமணம் செய்தாள். ஐயா சத்தம் போடவில்லை, கைநீட்டவில்லை. அன்று மாலைச் செபத்தில், உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்கான மன்றாட்டில், என் பெயரைச் சொன்னார். அடுத்து அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. அவ்வளவுதான். பத்தொன்பது வருடம் அவ்வளவுதான். 93இல் அவளுக்குக் காய்ச்சல், மலேரியா. நான்காம் நாள் முடிந்தது. வயற்கரையில் எரித்தார்கள். நான் போனேன், ஐயா வரவில்லை. நான் திரும்பி வந்த மாலையும் பதினொரு பெயர்கள். அன்றுதான் தோத்திரத்தை நிறுத்தினேன்.

ஐயாவுக்கு வலக்கண் இல்லை, இடக்கண் பாதி. கோயில் தாளில் பன்னிரண்டாவதாக எழுதிவிட்டால் அவருக்குத் தெரியப்போவதில்லை. கௌரியும் ஞாயிறன்று அதைப் பார்ப்பாள். பேனையைத் தாளில் வைத்தேன். எடுத்தேன். இந்த வீட்டைவிட்டு ஒருமுறை ஒளித்துப் போனவள். உள்ளே வரும்போதும் ஒளித்தா வரவேண்டும்?

அம்மாவின் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டேன்.

கார்த்திகை 5, வியாழன்.

மழை. இரண்டு கிடுகு மாற்றினேன். ஜெசிந்தாவுக்குத் தடிமன், தும்மல். வேறொன்றுமில்லை.

கார்த்திகை 6, வெள்ளி.

மாலை ஐந்து மணி. தாளை ஐயாவுக்கு வாசித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் செபமாலையில் ஒரு மணி தள்ளினார்.

"பதினொண்டு. சரி." தாளை வாங்கி இடக்கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "கீழ என்னத்துக்கு வெறுமையா விட்டனீ?"

"ஒரு பேருக்கு."

"ஆற்றை பேருக்கு?"

"உங்கட மகளின்ர பேருக்கு."

தாளை மடியில் வைத்தார். இந்த வார்த்தைகளை ஐந்து வருடமாக அடுக்கி வைத்திருந்தேன்; பெர்னாந்துவில் தொடங்கி, எதிர்வாதத்துக்கு இடமின்றி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தருக்கம் படித்தவன். சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"போன மாசியில நான் மலேரியாவோட ஆசுப்பத்திரியில கிடந்தனான். எத்தினை நாள்?"

"பதினேழு."

"இஞ்ச செபம் ஆர் சொன்னது?"

"நான்."

"செத்த ஆக்களின்ர பேர்?"

"நான்தான்."

"அவளைச் சொன்னனியோ?"

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"வீட்டை வந்த அண்டைக்கே ஜெசிந்தாவைக் கேட்டனான். அவன் தங்கச்சியைச் சொன்னவனோ எண்டு. இல்லையாம். நீ தொடங்கியிருப்பாய், வந்து அப்பிடியே பிடிச்சுக்கொண்டு போவம் எண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தனான், கட்டிலில. படிச்சவன் நீ. நீயே சொல்லேல்லை. பிறகு என்னத்துக்கடா என்னோட கோவம்?"

எழுந்து வெளியே போனேன்.

ஜெசிந்தா பின்னால் வந்தாள். கேட்டேன்: "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா என்ன செய்திருப்பியள்? இன்னுமொரு கடிதம் எழுதியிருப்பியள்."

கார்த்திகை 7, சனி.

மழை விட்டிருக்கிறது. ஐயாவுக்குச் சவரம் செய்தேன். தாடையைத் தூக்கிக் காட்டினார். கடைசி பிளேட்.

நேற்றிலிருந்து யோசித்தது. பதினேழு மாலைகள். அம்மாவின் பெயரைச் சொல்லி முடித்த பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு கணம் இருந்தது. அதை எனக்கு நினைவிருக்கிறது. ஐயாவின் இடத்தில் இருக்கும்போது ஐயாவின் வழக்கத்தை மாற்றக்கூடாது என்று எனக்குள் ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பிதாவைச் சங்கித்திருத்தல் என்று அதற்குப் பெயரும் வைத்தேன். அது சங்கை அல்ல, பயம். ஐம்பத்து மூன்று வயதில் கட்டிலில் கிடக்கும் ஒரு கிழவனுக்குப் பயம். தோத்திரத்தை மறுத்ததால் எனக்கு எந்த நட்டமும் இல்லை. பெயரைச் சொல்லியிருந்தால் இருந்திருக்கும். இலேசானதைத் தெரிந்தெடுத்துவிட்டு, ஐந்து வருடமாக அதைத் திரேசாவின் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

ஐயாவும் தப்பமுடியாது. மகனிடமிருந்து வரட்டும் என்று கிடந்தாராம். இருபத்து நாலு வருடம் வாயிருந்தவர் அவர். இருவரும் ஒருவரை ஒருவர் சாட்டி அவளை வெளியே நிற்க வைத்திருக்கிறோம்.

மதியம் அவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு, இரண்டு தாளிலும் எழுதினேன். அதே ஓர் அங்குல எழுத்து. சத்தமாகச் சொன்னேன்: "திரேசா எண்டு எழுதியிருக்கிறன்."

"கேக்குது," என்றார். "ஏன் கத்துறாய்."

மாலைச் செபத்தில் ஐயா தாளை எடுக்கவில்லை. மனத்திலிருந்து சொன்னார். பதினொன்று.

கார்த்திகை 8, ஞாயிறு.

பூசைக்குக் கௌரி வந்தாள். நெற்றியில் திருநீறு, தலையில் ஜெசிந்தாவின் முக்காடு. தாளை அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள், கடைசிப் பெயரை இரண்டு தரம் வாசித்தாள். பெட்டியில் அவளே போட்டாள்.

வெளியே பெருமழை. முத்தையன்கட்டுக்கு இனி விட முடியாது. ஜெசிந்தா எவரையும் கேட்கவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினாள்.

ஐயா: "ஆர் அது?"

ஜெசிந்தா: "கௌரி. திரேசா மச்சாளின்ர மகள்."

முகம் அசையவில்லை. "சாப்பிட்டியோ பிள்ளை?"

"இனித்தான், அம்மப்பா."

அரை மணி கழித்து: "பிள்ளை சாப்பிட்டதோ?" மூன்று மணிக்கு மறுபடியும். கௌரி என்னிடம், "மாமா, இன்னும் ஒருக்காக் கேட்டா நான் பசிக்குது எண்டு சொல்லப்போறன்."

மாலைச் செபம். ஐயா செபமாலையை என்னிடம் நீட்டினார். "எனக்குத் தொண்டை சரியில்லை. நீ சொல்லு." தொண்டையில் ஒரு குறையும் இல்லை.

சொன்னேன். சந்தியாப்பிள்ளை, மதலேனாள், பெர்னாந்து, எல்லாரும். அன்னம்மா. பிறகு அந்தக் கணம். கூரையிலிருந்து சட்டிக்குள் ஒழுக்குச் சொட்டும் சத்தம். "திரேசா" என்றேன். முதற் பாதியைச் சொன்னேன்.

இரண்டாம் பாதியை ஜெசிந்தா தொடங்கினாள். கௌரியும். அவளுக்கு முழுவதும் பாடம். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கத் தேவையில்லை. ஐயாவின் குரல் இல்லை. "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே" முடிந்தது. அப்போதும் இல்லை. "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்ற இடத்தில் வந்து சேர்ந்தார். கரகரத்து, ஒரு சொல் பின்தங்கி.

கௌரி கைகூப்பினாள். "தோத்திரம் அம்மப்பா." நெற்றியில் சிலுவை வரைந்தார், திருநீறு விரலில் ஒட்டியது. துடைக்கவில்லை. பிறகு ஜெசிந்தா.

நான் ஆணிப் பக்கம் போகவில்லை. முன்னால் போய்க் கைகூப்பினேன். "தோத்திரம் ஐயா."

கை உயரவில்லை.

"பொறு," என்றார். "அவளுக்கு அரைவாசி விட்டிட்டன்."

செபமாலையை என் கையிலிருந்து வாங்கி, திரேசா என்று சொல்லி, இரண்டு பாதியையும் தனியாக முதலிலிருந்து தொடங்கினார். நான் கூப்பிய கையோடு நின்றேன்.