சாக்கெட் பெட்டியில் நீ வைத்த கல்

வீரமாகாளி துணை

தேக்கா, சியோனான் (சிங்கப்பூர்)
சுபானு வருஷம், புரட்டாசிக் கடைசி

அன்பு மகள் சந்திரமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் இருப்பதைத் தின்று நடமாடிக்கொண்டிருக்கிறோம், அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, எனக்கு இருமல் மட்டும் விட்டபாடில்லை, பெட்ரோல் இல்லாமல் லாரியைக் கரியில் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து நெஞ்செல்லாம் புகைதான். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற நம் கோவிந்தசாமி வந்து சொன்னான், கேட்டதும் அம்மா காளி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். இந்தக் கடிதத்தை ஒட்டி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன், தபாலில் போட்டால் எவனெவனோ பிரித்துப் படிப்பான், நம் வீட்டு நாற்றம் நம்மோடு இருக்கட்டும்.

சுகம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். லாரி நட்டு கழற்றுகிற என் சாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு போனது நீதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எடுத்ததற்கு நான் என்னோடு லாரி ஓட்டுகிற ஒலி மாமாவைத் திருடன் என்று பஃபலோ ரோட்டு டீக்கடையில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இது உனக்குத் தெரியாது, தெரிய வேண்டும். பெற்ற மகள் என் கண்ணில் மண்ணைத் தூவுவாள் என்று கனவிலும் நினைக்காதவன், கூட்டாளி தூவியிருப்பான் என்று உடனே நினைத்துவிட்டேன்.

நடந்ததைக் கேள். கல்யாணம் முடிந்து நீ ஈப்போவுக்கு ரயில் ஏறிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும், பொங்கோல் பக்கமிருந்து மரவள்ளி ஏற்றிக்கொண்டு வரும்போது லாரி நின்றுவிட்டது. எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் கேஸ்கெட் தகடு பிய்ந்து தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. நீ சின்னதில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றவள், உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நட்டுகளைச் சாதா ஸ்பானரால் தொட முடியாது, சாக்கெட் மேலிருந்து இறங்கினால்தான் பிடிக்கும். அந்த வாரம் ஜப்பான்காரன் வண்டிகளைப் பார்க்க வருகிறான் என்று பேச்சு, ஓடாத லாரியை இழுத்துக்கொண்டு போய்விடுவான், லாரி போனால் எனக்கும் ஒலிக்கும் வேலைச் சீட்டு போய்விடும். அவசரமாக டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து சாக்கெட் பெட்டியை எடுத்தேன், கனம் சரியாக இருந்தது, திறந்தால் உள்ளே துணியில் சுற்றிய சரளைக் கல். எடுத்தவள் எடுத்துக்கொண்டு போயிருந்தால்கூட மனசு இவ்வளவு கொதித்திருக்காது. தூக்கிப் பார்த்தால் தெரியக்கூடாது என்று கல்லைத் தேடிப் பொறுக்கி, சத்தம் வராமல் துணி சுற்றி வைத்தாயே, அதற்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்து யோசித்திருப்பாய், அந்த நேரத்தில் ஒரு தடவையாவது அப்பா என்று நினைத்தாயா? பூட்டுக்கு இரண்டே சாவி, ஒன்று என் சட்டையில், ஒன்று ஒலியின் இடுப்பில். என் சட்டையில் நீ கையை விடுவாய் என்று எந்த மடையன் நினைப்பான்?

நேரே டீக்கடைக்குப் போய் வாய்க்கு வந்தபடி பேசினேன். ஒலி கத்தவில்லை, சத்தியம் பண்ணவில்லை. லாரிச் சாவியைக் கழற்றி என் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்துவிட்டு, மருதப்பா, நம்புறவன்கிட்டதான் இல்லன்னு சொல்லலாம், உன்கிட்ட என்னத்தச் சொல்றது என்று எழுந்து போய்விட்டான். அதோடு அவனுக்கு எவனும் வண்டி கொடுக்கவில்லை, திருட்டுப் பட்டம் கட்டினவனை யார் ஸ்டீரிங்கில் உட்கார வைப்பான்? அவன் பெண்டாட்டி மைமூன் சுட்டுக் கொடுக்கிற மரவள்ளிப் பணியாரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு டெஸ்கர் ரோட்டில் நின்றான். வேலைச் சீட்டு இல்லாமல் தெருவில் நிற்கிறவனைத்தான் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று உனக்குத் தெரியும், உனக்கு நன்றாகவே தெரியும்.

லாரியைக் காப்பாற்ற வேண்டுமே என்று சாக்கெட் தேடி சுங்கை ரோட்டுச் சந்தைக்குப் போனேன். லாரியில் இருப்பதற்கு ஒத்த பழைய நட்டுகளைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனேன், பார்த்தவன் எல்லாம் சிரித்தான், சிரிக்கட்டும், கண்ணளவை நம்பி வாங்கினவன் எல்லாம் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொள்கிறான். ஒரு சீனக் கிழவன் பளபளவென்று ஒரு செட்டு வைத்திருந்தான், பெட்டிக்குள் சிவப்புப் பட்டு, கைப்பிடியில் முகம் பார்க்கலாம். நட்டை விட்டுப் பார்த்தால் இரவல் செருப்பு மாதிரி லொடலொடவென்று ஆடுகிறது, அது வேறு நாட்டு அளவு, நம் ஃபோர்டு லாரிக்கு ஆகாது, முறுக்கினால் நட்டு மூலை மழுங்கிப்போகும். ஓரமாக அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன், வெண்ணெய் மாதிரி வழிந்தது, மேலே பூச்சு, உள்ளே மெத்து இரும்பு. அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்ததைக் கிளறினேன். ஆறு மூலை உள்ளதாக, சுவரில் கீறல் இல்லாததாக, கையில் வைத்தால் கனக்கிறதாக, என் நட்டில் ஆடாமல் உட்காருகிறதாக, லாரிக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கினேன். செட்டு முழுசாக வேண்டும் என்று ஆசைப்படுகிறவன்தான் ஏமாறுகிறான், உதவாத அளவுகளுக்கும் சேர்த்துக் காசு அழ வேண்டும். ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டைக் கிழவன் தொடமாட்டேன் என்றான், பழைய டயர் டியூப் ஒன்று கொடுத்து அவற்றையும் முறுக்குகிற ஒரு கைப்பிடியையும் வாங்கினேன். குவியலைக் கிளறும்போது வேறொன்றும் தேடினேன், என் சாக்கெட்டுகளில் அரத்தால் போட்ட இரட்டைக் கோடு எதிலாவது தெரிகிறதா என்று. ஒலி இங்கேதான் விற்றிருப்பான் என்று அவ்வளவு நிச்சயம் எனக்கு. கிடைக்கவில்லை, அப்போதும் என் புத்திக்கு உறைக்கவில்லை.

லாரி ஓடிற்று, சீட்டும் தப்பிற்று. ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் லாரியைக் கழுவுவது ஒலிதான், அவன் வீட்டில் பூஜை கிடையாது என்றாலும் பொரி கடலைக்கு முதல் ஆளாக வந்து நிற்பான். இந்த வருஷம் நான் தனியாகக் கழுவிச் சந்தனம் வைத்தேன், பொரி மீந்துபோயிற்று. அதற்கு அடுத்த நாள் கோவிந்தசாமி டீக்கடைக்கு வந்தான். வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணே, இந்தக் காலத்துல எவன் மருமகனுக்கு அமெரிக்கா சாக்கெட்டுச் சீர் கொடுப்பான், ஈப்போவே பேசுதுண்ணே, சொந்தச் சாமான் இல்லாதவன எல்லாம் பட்டறையிலேர்ந்து சயாமுக்கு அனுப்பிட்டானுங்க, உங்க மாப்ளய மட்டும் வச்சுக்கிட்டானுங்க, அவரு அந்த இரட்டைக் கோட்டக் காட்டி இது என் மாமனார் கை வச்சதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றாரு என்றான். என்ன சொல்வேன்? என் மகள் திருடி என்றா, மாப்பிள்ளையிடம் பொய் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றா? ஆமாம், நான்தான் கொடுத்தேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அவள் முகத்தில் திடுக்கிடலே இல்லை. கல் சுற்றியிருந்த துணி அவளுடைய பழைய பச்சைச் சேலைக் கிழிசல், நான் தூக்கி எறிந்ததை அன்றைக்கே எடுத்து அலசி ஒளித்து வைத்திருக்கிறாள். ஒலியை நான் ஏசியதும் தெரியும், அவன் தட்டு தூக்குவதும் தெரியும், வாயைத் திறக்கவில்லை. ஏன்டி என்று கேட்டால், மாப்ளய சயாமுக்குக் கொடுத்துட்டு அவ தாலிய அறுத்துட்டு வந்து நின்னா உங்க பெட்டியா சோறு போடும் என்று என்னையே கேட்கிறாள். தாயும் மகளும் ஒரு பக்கம், நான் ஒருவன்தான் இந்த வீட்டில் அந்நியன். அன்றைக்கு அவள் கையால் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டேன், பசி வந்தால் என்ன செய்வது.

பிறகு ஒலி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவன் கேட்டுவிட்டு, உன் மக எடுத்ததுல எனக்கு வருத்தமில்ல, அது புருசனுக்காக எடுத்துச்சு, நீ யாருக்காக என்னையத் திருடன்னு சொன்ன என்றான். உள்ளேயிருந்து மைமூன், சொன்ன வாய் சொன்ன எடத்துலயே வந்து சொல்லட்டும் என்றாள். நியாயம்தான். ஆனால் அந்த இடத்தில் உண்மையைச் சொன்னால் கோவிந்தசாமி காதில் விழும், அடுத்த ரயிலில் ஈப்போவுக்குப் போகும், உன் மாமியார் வீட்டு வாசலில் நிற்கும். சொல்லாவிட்டால் ஒலி சயாமுக்குப் போவான். ஆகவே ஒலியையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய் எல்லார் காதும் கேட்கச் சொன்னேன், சாக்கெட்டுகளை மாப்பிள்ளைக்கு நானே சீராகக் கொடுத்தேன், கொடுத்தது பெண்டாட்டிக்குத் தெரிந்தால் சண்டை வரும் என்று களவு போனதாகக் கதை கட்டினேன், ஒலி மேல் பழி போட்டேன் என்று. டீக்கடைக்காரர் பாதி டீயோடு இருந்த என் கிளாஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒலி எழுந்து வந்து நான் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்த லாரிச் சாவியை எடுத்து இடுப்பில் மாட்டினான், குனிந்து என் காதோடு, பொய் நல்லா வருது மருதப்பா உனக்கு, அன்னைக்கும் இவ்வளவு யோசிச்சிருக்கலாம் என்றான். இப்போது லாரி ஓட்ட வருகிறான். கரி போதுமா, டயரில் காற்று இருக்கா, அவ்வளவுதான் பேச்சு. ஊர் என்னைப் பார்க்கிற பார்வைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நீ எடுத்த காரணம் எனக்குப் புரியாமலில்லை, நான் கல்நெஞ்சன் இல்லை. ஆனால் கேட்டிருக்கலாமே. கல்யாணப் பந்தலில் சாக்கெட்டையும் தாம்பூலத்தையும் ஒரே தட்டில் வைத்துக் கொடுத்திருப்பேனே. கேட்டால் இல்லையென்பான் என்று என்னை முடிவு கட்டிவிட்டாயே, அது எனக்கு ஆறாது. இத்தனை வருஷம் வளர்த்தும் உனக்கு அப்பாவைத் தெரியவில்லை.

தலை தீபாவளிக்கு உங்களை அழைக்க வேண்டியது என் கடமை, ரயில் பாஸ் கிடைக்காது. அதனால் சீரை அனுப்புகிறேன். கோவிந்தசாமி ஒரு இரும்புப் பெட்டி கொண்டு வருவான், அதுதான் அந்தக் காலிப் பெட்டி, செம்பனை எண்ணெய் போட்டுத் துடைத்து மூடியில் மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறேன். சீர் கொடுக்கிறவன் துணிப்பையில் போட்டுக் கொடுக்கமாட்டான், பெட்டியோடு கொடுப்பான், பார்க்கிறவர்கள் கேட்கும் முன் மாப்பிள்ளை அதில் எடுத்து வைக்கட்டும். லாரிக் கண்ணாடிக்கு முன்னால் நீ கவனிக்காமல் விட்டுப்போன, ஸ்பார்க் பிளக் கழற்றுகிற சாக்கெட்டும் உள்ளே இருக்கிறது, இப்போது செட்டு முழுசு. கைப்பிடிக்குக் குழாய் மாட்டி நீட்டி முறுக்க வேண்டாம், வேலை முடிந்ததும் துடைத்து வைக்கச் சொல், இரவல் கேட்டால் கொடுக்க வேண்டாம் என்று சொல். அம்மா மரவள்ளி மாவில் முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், கொஞ்சம் கடினமாக இருக்கும். நீ வைத்த கற்கள் ஜன்னல் கட்டையில் வரிசையாக இருக்கின்றன, அம்மா தினம் துடைக்கிறாள், நான் எடு என்று சொல்லவில்லை.

எனக்குப் பதில் எழுத அவசரமில்லை. முதலில் ஒலி மாமாவுக்கு எழுது, உன் கையால், நடந்ததை நடந்தபடி எழுதி ஒட்டிக் கொடுத்தனுப்பு. இதைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு, மாப்பிள்ளை கண்ணில் படக்கூடாது, அவர் என்னைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொண்டிருக்கிறார், ஒருவராவது நினைக்கட்டும்.

காளி உன்னைக் காப்பாற்றட்டும். தீர்க்க சுமங்கலியாக இரு அம்மா, அதற்காகத்தானே எடுத்தாய்.

இப்படிக்கு,
சாக்கெட்டைச் சீராகக் கொடுத்த உன் அப்பா,
மருதப்பன்