ஆர்.சி. புத்தகத்தில் இல்லாத இன்ஜின்

என் மாமாவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பக்கத்திலேயே இருந்த புருஷனுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

நீங்கள் போன பிறகு நம் லாரியை என் பெயருக்கு மாற்ற வேண்டியிருந்தது. உங்கள் மெக்கானிக் நசீர் பாய்தான் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓட்டி வந்தார். சேசிஸ் நம்பர் சரியாக இருந்தது. இன்ஜினைப் பார்த்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

“இன்னாம்மா இது? பாதி நம்பர்தான் தெரியுது. அதுவே ஆர்.சி.யோட ஒத்துப்போகல. இன்ஜின மாத்தியிருக்காங்க. யாரோடதுன்னு பேப்பர் கொண்டாங்க. இல்லன்னா வண்டிய நிறுத்தி வெக்கவேண்டி வரும்.”

ஈரோட்டிலிருந்து ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளுக்கு உப்புப் போட்ட பச்சைத் தோல் ஏற்றிப் பிழைத்த குடும்பம் நம்முடையது. அந்த வண்டியும் போனால் எனக்கு என்ன இருக்கிறது? அதைவிட, திருட்டு இன்ஜினை வாங்கிவிட்டீர்களோ என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

பட்டறையில் பாய் மண்ணெண்ணெய் விட்டு, கம்பி பிரஷ்ஷால் பிசுக்கைத் தேய்த்தார். ஒவ்வொரு எண்ணாக வெளியே வந்தது. நான் எழுதிக்கொண்டேன்.

“பழைய இன்ஜினும் இதுவும் ஒரே மாடல்மா. பாத்தா வித்தியாசம் தெரியாது. நம்பர்தான் சொல்லும்” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியும், இல்ல?”

“சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினாரும்மா.”

“அவருதான் இப்ப இல்லயே பாய்.”

துணியில் கையைத் துடைத்தார். “உங்க தம்பி செல்வம் வண்டியோடது.”

பள்ளிகொண்டா பக்கம் லாரி கவிழ்ந்து செல்வம் செத்து ஒன்பது வருஷம். அந்த வண்டியில் ஒரு ஆணிகூட என் கண்ணில் படக் கூடாது, எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று அன்று உங்களிடம் கத்தினேன். போட்டுவிட்டதாகத்தான் சொன்னீர்கள். கேபின் நசுங்கினாலும் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அதை நம் வண்டியில் ஏற்றி, இத்தனை வருஷம் என் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறீர்கள். எப்படி மாமா முடிந்தது உங்களால்?

செல்வத்தின் மனைவி மலர் குடியாத்தத்தில் தறிக் கூடத்துக்குப் போகிறாள். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் போகாமலே விட்ட வீடு அது. இந்த நம்பருக்காகப் போனேன். பீரோவிலிருந்து அவனுடைய ஆர்.சி.யை எடுத்தாள். இரண்டு பேரும் விரல் வைத்து ஒத்துப் பார்த்தோம். ஒரு எண்கூடப் பிசகவில்லை.

“நான்தான் குடுத்தேன் அண்ணி” என்றாள். “அவரு சாகறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் தன் கையால பிரிச்சு வேல பாத்தாரு. அத உடைக்கக் குடுக்க மனசு வரலன்னு அண்ணன் வந்து கேட்டாரு. உங்க காதுக்கு மட்டும் போகக் கூடாதுன்னாரு.”

இன்ஜினை நமக்குக் கொடுத்ததற்கான ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டாள். பிறகு சொன்னாள்: “மாசம் ஒரு தடவ வண்டிய இங்க கொண்டாந்து, ஆஃப் பண்ணாம நிறுத்துவாரு. நான் வாசப்படில உக்காந்து கேப்பேன். அண்ணன் போனதுல இருந்து அந்தச் சத்தமும் இல்ல.”

அந்தத் தாளையும் செல்வத்தின் ஆர்.சி.யையும் ஆர்.டி.ஓ. ஆபீசில் கொடுத்தேன்.

வண்டி இப்போது என் பெயரில் இருக்கிறது. செல்வம் போன பிறகு நான் எந்த லாரியிலும் ஏறியதில்லை, உங்களுக்கே தெரியும். போன வெள்ளிக்கிழமை ஏறினேன். பாய் மலர் வீட்டுவாசலில் நிறுத்தினார். நானும் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். படி அதிர்ந்தது. அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

உங்கள்மேல் கோபம் தீரவில்லை, மாமா. நான் தாங்கமாட்டேன் என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள். சொல்லியிருந்தால் ஒன்பது வருஷமும் அந்தப் படியில் நாங்கள் இரண்டு பேராக இருந்திருப்போம்.

இனி மாதம் தவறாமல் வண்டி குடியாத்தம் போகும். அதில் நானும் இருப்பேன்.

செல்வத்தின் அக்கா,
உங்கள் பெண்டாட்டி,
காஞ்சனா