ஏழாம் அத்தியாயத்துக் கரண்டி

என் செல்லத்துக்கு,

அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று உடனே கேட்டுவிட்டு மேலே போவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்தக் கேள்வியைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முதுகுவலி தேவலை, பஸ் ஓட்டும்போது பின்னால் வைத்துக்கொள்ளச் சின்னத் தலையணை ஒன்று வாங்கியிருக்கிறார், மாப்பிள்ளை வந்துட்டாருப்பா என்று டிப்போவில் கிண்டல் செய்கிறார்களாம். சமையலறைக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்று அவரும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

உன் நாவல் இரண்டு வாரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தது. கூடவே பதிப்பகத்து ஆசிரியை உனக்கு எழுதிய கடிதத்தின் நகலும் இருந்தது. கதை நகரவே மாட்டேன் என்கிறது, ஒவ்வொரு செயலுக்கும் முன்னால் அது எப்படி நடந்தது என்று ஒரு சொல் நிற்கிறது, பத்தாம் தேதிக்குள் திருத்தி அனுப்பினால் மறுபடி பார்க்கிறோம் என்று எழுதியிருக்கிறார். நீயோ சீட்டு ஒட்டி, உண்மையைச் சொல்லும்மா, பூசி மெழுகினா கண்டுபிடிச்சிடுவேன் என்று எழுதியிருக்கிறாய். பதினைந்து வயதில் நீ காட்டிய கதையில் நான் பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டுக் கொடுத்ததும், அதற்குப் பிறகு எட்டு வருஷம் நீ ஒரு வரிகூட என் கண்ணில் காட்டாததும் எனக்கு மறக்கவில்லை. இப்போதும் வட்டம் போட்டால் என்ன ஆகுமோ, போடாமல் விட்டு அந்த ஆசிரியை திருப்பி அனுப்பிவிட்டால் என்ன ஆகுமோ என்று இரண்டு நாள் கட்டைப் பிரிக்காமலே வைத்திருந்தேன். அப்பா முந்திக்கொண்டார். நல்லாத்தான் எழுதியிருக்கா, ஆனா நானும் மூணு நாளா படிக்கிறேன், அந்தப் பொண்ணு இன்னும் மாடிப்படியிலயே நிக்குது, பாவம் கால் வலிக்காதா என்றார்.

நாள் முழுக்கப் பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களைச் சத்தமாக வாசித்துப் பதிவு செய்கிறவளுக்கு, எதையுமே வாய்விட்டு வாசித்தால்தான் மண்டையில் ஏறுகிறது. அதனால் உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன், கோபப்படாதே. மதியம் பதிவு அறை காலியாக இருந்த நேரங்களில் உன் நாவலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பதிவு செய்தேன். நீ டெலிபோன் மாமா என்று கூப்பிடுவாயே, ஆஸ்பத்திரியில் போன் எடுக்கிறவர், எங்கள் நூலகத்தில் அதிகம் புத்தகம் கேட்பவர், அவரிடம் எழுதியது யார் என்று சொல்லாமல் கொடுத்தேன். பார்வையும் இல்லை, பொறுமையும் கிடையாது அவருக்கு, எல்லாவற்றையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பார், துப்பறியும் கதை என்றால் கடைசி அத்தியாயத்தை முதலில் கேட்டுவிடுவார். அவர் எங்கே வேகத்தைக் குறைக்கிறாரோ அந்த இடத்தில் கதை இருக்கிறது என்று எங்கள் அறையில் ஒரு நம்பிக்கை.

முதல் மூன்று அத்தியாயத்தை மூன்று மடங்கு வேகத்தில் கேட்டாராம். அக்கா, அந்தப் பொண்ணு கதவைத் திறக்கிறதுக்குள்ள நான் டீ போட்டு, ஆறவெச்சு, குடிச்சு, டம்ளரையும் கழுவிட்டேன் என்றார். வாசித்த எனக்கும் அதுதான் தோன்றியது. அவள் மெதுவாக, தயக்கத்துடன், எதையோ நினைத்தவளாக, கதவை லேசாகத் தள்ளினாள் என்று எழுதியிருக்கிறாய். மூச்சு முட்டியது எனக்கு, கதவு திறப்பதாக இல்லை. முதல் பத்துப் பக்கத்தில் மட்டும் முப்பத்தொரு மெதுவாக, மெல்ல, லேசாக. யாராவது ஒருவர் சாதாரணமாக நடக்கக் கூடாதா கண்ணு. மாடிப்படிக்குப் பதினோரு பக்கம் வேண்டாம், அவளை மேலே கொண்டுபோய் விட்டுவிடு. அந்தச் சொற்களை எடுத்துவிட்டுப் படித்துப் பார், அவள் தயங்குகிறாள் என்று எங்களுக்கே தெரியும். வட்டம் போடவில்லை, கடிதத்தில்தான் சொல்கிறேன்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. ஏழாம் அத்தியாயத்தில் ஒன்றரைப் பக்கம் வருகிறது. வேலை போனதை வீட்டில் சொல்லாத அந்தப் பெண்ணை அம்மா போனில் கூப்பிடுகிறாள், சாப்பிட்டியா என்று கேட்கிறாள். கேஸ் தீர்ந்து நான்கு நாள். அவள் போனை அடுப்பருகே கொண்டுபோய்க் காலிப் பாத்திரத்தில் கரண்டியைப் போட்டுக் கிளறுகிறாள், அம்மாவுக்குக் கேட்கட்டும் என்று. அந்த ஒன்றரைப் பக்கத்தில் மெதுவாகவும் இல்லை, லேசாகவும் இல்லை. போனை எடுத்தாள், கிளறினாள், வைத்தாள், அவ்வளவுதான். டெலிபோன் மாமா அங்கே வேகத்தைக் குறைத்து மூன்று தடவை கேட்டாராம். அக்கா, காலிப் பாத்திரம்னா கணீர்னு கேக்கும், உள்ள ஏதாவது இருந்தா மொத்துனு அமுங்கிடும், இதை எழுதினவங்க தட்டிப் பார்த்திருக்காங்க என்றார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, அங்க மட்டும் நீங்க ஆறு தடவை கை தட்டியிருக்கீங்களே என்றார். வாசிக்கும்போது தப்பு வந்தால் ஒருதரம் கை தட்டிவிட்டு மறுபடி வாசிப்போம், பிறகு அந்தச் சத்தத்தைப் பார்த்துத் தப்பை வெட்டி எடுப்பார்கள். உன் பதிவை நான் வெட்டக் கொடுக்கவில்லை. முதல் ஆறு அத்தியாயத்தில் இரண்டே தட்டு, ஏழாவதில் ஒன்றரைப் பக்கத்துக்கு ஆறு.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது கரண்டிச் சத்தம் கேட்டது. சமைச்சிட்டிருக்கியா என்று கேட்டேன். ஆமாம்மா, நல்லா சாப்பிடுறேன், நிம்மதியா தூங்குறேன், ஆபீஸ் அருமையா போகுது என்றாய். அன்றைக்கு நான் கேட்டது கணீரா மொத்தா என்று எத்தனை யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நேற்றுச் சமையலறையில் ஒரு பாத்திரத்தைக் காலியாகவும் சோறு போட்டும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், என்னம்மா கச்சேரியா என்று அப்பா எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. கதை என்றால் கதைதான், அம்மா எல்லாவற்றையும் நிஜம் என்று நினைத்துக்கொள்வாள் என்று நீ சிரிக்கலாம், சிரித்தால் எனக்குச் சந்தோஷம். ஆனால் படிக்கட்டில் நீ அத்தனை சொல் போட்டு எழுதியபோது எனக்குக் கவலையே வரவில்லை, எங்கே ஒன்றும் போடாமல் எழுதினாயோ அங்கேதான் என் குரல் நின்றது.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது அந்த ஒன்றரைப் பக்கத்தில் கை வைக்காதே. யார் சொன்னாலும், நானே சொன்னாலும். அந்த அத்தியாயத்தின் பதிவை ஒரு சின்ன மெமரி கார்டில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன், கை தட்டல்களை எடுக்கவில்லை. உன் கதையில் வரும் அம்மா, கரண்டிச் சத்தத்தைக் கேட்டதும் சரிம்மா என்று போனை வைத்துவிடுகிறாள். நானும் அப்படித்தான் வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுவேன், சாப்பிட்டியா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்று சொல், இல்லை என்று சொல், எதுவானாலும் அந்த ஒரு சொல் போதும், முன்னால் நல்லா வேண்டாம். இல்லை என்றால் திங்கட்கிழமை காலை வண்டிக்குக் கிளம்பிவிடுவேன், அப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், அவர் திட்டமாட்டார், தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார்.

பத்தாம் தேதியை மறந்துவிடாதே. உன் கையும் எழுத்தும் நன்றாக இருக்கட்டும், நினைத்தது நடக்கட்டும்.

நீ சுகமா?

அம்மா