இரண்டு ‘போனாள்’

பிப்ரவரி 3, செவ்வாய்
ரஷ்ய இலக்கணத் தேர்வு முடிந்தது. வேற்றுமை ஆறும் இன்று சொன்ன பேச்சைக் கேட்டன. விகுதி தவறினால் உயிரை எடுக்கும் எங்கள் ஆசிரியைக்கு ‘விகுதி மேடம்’ என்று பெயர் வைத்தது நான்தான். அவர் இதைப் படிக்காதவரை கவலையில்லை.

பிப்ரவரி 6, வெள்ளி
நாட்டுப்புறக் கதை வகுப்பு. மூன்று மகன்கள், கடைசியாள் மக்கு. அண்ணன்கள் கிளம்பிப் போய்க் காணாமல் போகிறார்கள். மக்குதான் தேடிக் கூட்டி வருகிறது. எங்கள் வீட்டில் கடைசி நான். மக்கு என்பதில் அக்காவுக்கு ஒருநாளும் சந்தேகம் இருந்ததில்லை. அவள் வீட்டில் இருந்திருந்தால் அவளிடம் இதைச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்
விடைத்தாள் வந்தது. ஒரு வாக்கியத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்: ‘என் அக்கா வேறு ஊருக்குப் போனாள்.’

ரஷ்ய மொழியில் இதற்கு இரண்டு ‘போனாள்’. ‘யெஸ்டிலா’ என்றால் போனாள், திரும்பியும் வந்துவிட்டாள். ‘உயெஹலா’ என்றால் போய்விட்டாள், இங்கே இல்லை. நான் முதலாவதை எழுதியிருக்கிறேன்.

விகுதி மேடம் கேட்டார்: “அக்கா இப்ப வீட்லயா இருக்காங்க?”

“இல்ல மேடம்.”

“அப்ப எந்தச் சொல் வரணும்?”

தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. “யோசிச்சுச் சொல்றேன் மேடம்” என்று உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 11, புதன்
யோசிக்க என்ன இருக்கிறது? எட்டு மாதத்துக்கு முன், வெளியூர் வேலைக்கு அக்கா கிளம்பியபோது, “என் பேச்சைக் கேக்காம போறவ அப்படியே போயிடு” என்றாள் அம்மா. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே, “சரி, போறேன்” என்றாள். ‘போயிட்டு வரேன்’ இல்லை. வெறும் ‘போறேன்’.

நான்? உள்ளே ஹெட்போனை மாட்டிக்கிட்டு ரஷ்ய வினைச்சொல் படிச்சிட்டிருந்தேன். ஹெட்போன்ல எதுவுமே ஓடல. சும்மா நடிச்சேன். எழுந்து வாசலுக்கு வர எனக்கு என்ன கேடு? ச்சே.

பிப்ரவரி 12, வியாழன்
அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 14, சனி
அவளே கூப்பிட்டாள். “என்னடி மக்கு, இப்பதான் ஞாபகம் வந்துச்சா?”

ஹெட்போன் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தேர்வில் விட்ட கோட்டையையும் சொன்னேன். சிரித்தாள். பிறகு, “அம்மா எப்படி இருக்கா?”

“நீயே வந்து பாரு.”

போனை வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 21, சனி
வந்துவிட்டாள்! அம்மா கதவைத் திறந்து, “எப்படி இளைச்சுட்ட” என்று கோபமாகவே சொன்னாள். பிறகு மூன்று பேருக்குத் தட்டு வைத்தாள்.

என் தப்பு வாக்கியம் இன்று ஒருநாள் சரி.

பிப்ரவரி 22, ஞாயிறு
மாலை அக்கா கிளம்பினாள். இந்த முறை வாசலில் நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

“போயிட்டு வரேன்மா.”

“ம். இறங்கினதும் போன் பண்ணு.”

பிப்ரவரி 24, செவ்வாய்
“யோசிச்சாச்சா?” என்றார் விகுதி மேடம்.

“உயெஹலா, மேடம்.”

தடங்கல் இல்லாமல் வந்தது.