மழைமானி நனையும்வரை

ஐப்பசி 3, திங்கள்
காலையிலிருந்து சுள்ளென்று வெயில். இந்த மாதத்தில் ஏற்காடு இப்படிக் காய்ந்தால் மத்தியானம் இடி. எங்கள் வானிலை ஆபீஸ் ராடார் படத்தில் மாரமங்கலத்துக்கு மேலே மேகம் எழும்பியது. மூன்று மணி நேரத்துக்குள் கனமழை, ஓடையில் வெள்ளம் வரலாம் என்று எச்சரிக்கை அனுப்பினேன். அங்கே எஸ்டேட்டில் வேலையை நிறுத்தி ஆட்களை ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

மேகம் நகர்ந்து குப்பனூர்ப் பக்கம் கொட்டியது. மாரமங்கலத்தில் பொட்டு மழை இல்லை.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்வி பிடித்துக்கொண்டாள். அந்த எஸ்டேட்டில்தான் களை எடுக்கிறாள்.

“ஏனுங்க்கா, உங்க மழ எங்க போச்சுங்க? அர நாள் கூலி போனதுதான் மிச்சம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பால் வாங்க மறந்தாச்சு.

ஐப்பசி 4, செவ்வாய்
மூடுபனி. துணி காயவில்லை. எஸ்டேட்டிலிருந்து புகார். ஆபீசில் சார் கூப்பிட்டார்.

“இனிமே மாரமங்கலம் மழைமானியில தண்ணி விழட்டும்மா. அப்புறம் அனுப்பு. மறுபடி தப்பாச்சுன்னா மேல யாரு பதில் சொல்றது?”

மழை பெய்ததைப் பார்த்துவிட்டு மழை வரும் என்று சொல்ல ராடார் எதற்கு, நான் எதற்கு? கேட்கவில்லை. தற்காலிக வேலை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

ஐப்பசி 5, புதன்
அதே வெயில். அதே இடத்தில் மேகம். இந்த முறை நகரவே இல்லை.

“மானி நனைஞ்சுதா?”

“இல்ல சார். மேல மலைச்சரிவுல கொட்டுது. மானி ஊருக்குள்ள இருக்கு.”

“அப்ப இரும்மா.”

இருந்தேன். மானி நனைந்ததும் அனுப்பினேன். அதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப் எஸ்டேட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. தரைப்பாலத்தில் ஓடை ஜீப்பைப் புரட்டிவிட்டது. மற்றவர்கள் கரையேறினார்கள். செல்வியைக் காணவில்லை.

ஐப்பசி 6, வியாழன்
தூறல். கிடைத்தாள். போஸ்ட்மார்ட்டத்துக்குச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஐப்பசி 7, வெள்ளி
வெயில். வாராந்திர மதிப்பீடு. எச்சரிக்கை கொடுத்தோமா, மழை வந்ததா, அவ்வளவுதான் கணக்கு. திங்கள்: தவறு. புதன்: சரி. சார் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். டீ, பிஸ்கட். வாயில் போட்டதைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. பாவிகள். நானும்தான்.

வெளியே வந்தால் செல்வியின் புருஷன் முருகேசன், கேட் பக்கத்தில். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

“ஏனுங்க, இன்னிக்கி மழ வருமுங்களா? செல்விய மேல கொண்டாரோணும். குழி வெட்டியாச்சுங்க.”

உள்ளே போய்ப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

“மூணு மணிக்குள்ள எடுத்துருங்க. அப்புறம் புடிச்சுக்கும்.”

சாரைக் கேட்கவில்லை.