மஞ்சள் கப்பின் எடை

ஜூன் 3
இந்த மாத நேரலையில் ஜில்லண்ணன் என் சாக்லேட் ஐஸ்கிரீமைச் செய்யப்போகிறார், என்னுடையதை, ஒன்பதாயிரம் பேர் பார்க்க.

அவர் வீடியோ பார்த்துப் பார்த்துத்தான் நான் கிண்டவே கற்றுக்கொண்டேன். உடனே அவர் ரசிகர் குழுவில் "என் ரெசிபி" என்று போட்டுவிட்டேன். அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை: பதினொன்றாம் தேதிக்குள் எல்லா அளவும் கிராமில் வேண்டும். "கப்பு கணக்குல அனுப்பினா திறந்துகூடப் பாக்க மாட்டேன்."

பால் இரண்டு கப், சர்க்கரை முக்கால், கோகோ அரை, கிரீம் ஒரு பாக்கெட். மாற்றுவது என்ன பெரிய கம்பசூத்திரமா?

ஜூன் 4
ஒரு கப் 240 மில்லி. அப்படியானால் 240 கிராம். கோகோ அரை கப், 120 கிராம். செய்தேன். அப்பா ஒரு வாய் வைத்தார், பல்லெல்லாம் கருப்பு.
"ஐஸ்கிரீம் கேட்டா ரோடு போடற தாரைக் குடுக்கற?"
ஊதினால் பறக்கிற தூளும் தண்ணீரும் ஒரே எடை இருக்குமா? குழுவில் சொன்னால் ஓட்டியே கொன்றுவிடுவார்கள்.

ஜூன் 6
எடைப் பட்டியல் தேடி எடுத்து மறுபடி செய்தேன். கோகோ சரி. ஆனால் நறநறவென்று ஐஸ், கரண்டி இறங்கவே இல்லை. அக்காவும் நானும் செய்தால் வழுக்கிக்கொண்டு இறங்குமே. ஏன்?

ஜூன் 7
பல் தேய்க்கும்போது உறைத்தது. கப். நாங்கள் அளந்தது அக்காவின் மஞ்சள் கப்பில், கைப்பிடி உடைந்தது. அது 240 என்று யார் சொன்னது? கிரீம் பாக்கெட் மாறாது. பால்தான் கூடிப்போய்விட்டது.

அந்தக் கப் அக்காவோடு போய்விட்டது. வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய் மூன்று வாரம். அதில் பேனா போட்டு வைத்திருக்கிறாளாம்.

கேட்டால் போயிற்று. ஆனால் "என் ரெசிபி"க்கு அவள் போட்டது ஒரு கட்டைவிரல். அப்புறம் மூச்சுப் பேச்சில்லை.

ஜூன் 8
எழுதினேன். அழித்தேன். எழுதினேன். அழித்தேன்.

ஜூன் 9
அம்மாவைக் கேட்கச் சொன்னேன்.
"உங்க சண்டைக்கு என்னால தூது போக முடியாது. கப்பு வேணுமா, அக்கா வேணுமான்னு முதல்ல முடிவு பண்ணு."
ரெண்டு நாள்தான் இருக்கு. என்ன பண்றது? கோகோவை அளக்கறது எப்பவும் அவதானே. பதினோரு தடவை கெட்டுப்போனப்ப கூட நின்னது அவதானே. நான் ஏன் அப்படிப் போட்டேன்?

ஜூன் 10
காலையிலேயே குழுவில் எழுதினேன்: இது அக்காவும் நானும் சேர்ந்து கண்டுபிடித்தது, முதல் பதிவு தப்பு. ஜில்லண்ணனுக்கும் அதையே அனுப்பினேன். பிறகு அக்காவுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள்,
"கப்புதானே? அம்மா நேத்தே சொல்லிட்டா. கீழ மளிகைக் கடையில நிக்கறேன். தண்ணியோட 261. வெறும் கப்பு 79. உனக்குக் கழித்தல் வராது, நூத்தி எண்பத்திரண்டுன்னு எழுதிக்கோ."
பின்னால் கடைக்காரர் குரல்: "தண்ணிய எடை போட்டு யாருக்கும்மா விக்கப் போறே?"
சிரித்தாள். நானும்.
"இன்னொண்ணு. கோகோ போட்டதும் கப்பை ரெண்டு தட்டு தட்டுவேன். அது எந்தப் பட்டியல்லயும் இருக்காது, லூசு."

கண்ணாடி டம்ளரில் 182 கிராம் தண்ணீர் ஊற்றி, மார்க்கரால் கோடு போட்டேன். துடைத்துவிட்டு, அந்தக் கோடுவரை ஒவ்வொன்றாக நிரப்பி எடை பார்த்தேன். கோகோவுக்கு ரெண்டு தட்டு. ஃப்ரீசரில் இருக்கிறது. அரை மணிக்கொரு தரம் திறந்து பார்க்கிறேன், அம்மா திட்டுகிறாள்.

ஜூன் 11
கரண்டி இறங்கியது. அப்பா கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தார். அனுப்பியாயிற்று, இரண்டு பேர் பெயரோடு. அக்கா பெயர் முதலில்.

இப்போது குழுவில் போட்டது, இங்கேயும் இருக்கட்டும்:
"மக்களே, உங்க வீட்டு கப்புல தண்ணி ஊத்தி எடை போட்டு நம்பரைப் போடுங்க. எங்களுது 182. கப்பு உங்க கையில இல்லேன்னா, யார்கிட்ட இருக்கோ அவங்களைக் கூப்பிடுங்க. இன்னைக்கே கூப்பிடுங்க. என்ன சொன்னாங்கன்னு இங்க வந்து எழுதுங்க."